கதவோடு வந்த ஜட்ஜ்

போன மாதம் இதே இடத்தில் ‘என் வீட்டில் ஒரு ஜட்ஜ்’ என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? திருவனந்தபுரம் கரமனையில் நான் குடியிருக்கும் பழைய வீட்டில் ஒரு காலத்தில் வைத்தியநாதன் என்றொரு ஜட்ஜ் வாழ்ந்தார். நான் உட்கார்ந்து எழுதுகிற முன்னறையில்தான் அவர் தீர்ப்புகளை எழுதியிருப்பார் என்றெல்லாம் உருகியிருந்தேன். நிறையப் பேர் போன் செய்து பாராட்டினீர்கள். ஒரு வாசகர், “அந்த ரூம்ல உட்கார்ந்து எழுதறதாலதான் சார் உங்க எழுத்துல ஒரு நடுநிலை இருக்கு” என்றார். நானும், “அப்படியா... இருக்கலாம்” என்று அடக்கமாக ஒப்புக்கொண்டேன்.

இந்த வாரம் இரண்டு சின்னத் திருத்தங்கள்.

ஒன்று — வைத்தியநாதன் என் வீட்டில் வாழவில்லை. இரண்டு — அவர் ஜட்ஜ் இல்லை.

மற்றபடி அந்தக் கட்டுரையில் பிழை ஏதும் கிடையாது. கரமனை, கரமனையில்தான் இருக்கிறது.

எப்படி இவ்வளவு துல்லியமாகத் தப்புச் செய்ய முடிந்தது என்று கேட்பீர்கள். ஆரம்பம் ரொம்ப சாதாரணமானது. சில மாதங்களுக்கு முன் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தார். “சாரே, பழைய லிஸ்ட்ல உங்க பேர் எவிடே இருக்குன்னு நோக்கி வையுங்க” என்று மலையாளத்தைத் தமிழில் குழைத்துச் சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் திருநெல்வேலிப் பட்டியலில் இருந்தது. கம்ப்யூட்டரில் தேடினேன், கிடைத்தது. அதோடு மூடி வைத்திருக்கலாம்.

மூடினேனா? நான் திருநெல்வேலியில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த வீட்டிலிருந்து போய் ஓட்டுப் போட்டது யார் என்று ஓர் எண்ணம் வந்தது. இந்த மாதிரி எண்ணம் வந்தால் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு மறந்துவிட வேண்டும். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவன் அடுப்புக்கு வாரம் தவறாமல் ஏதாவது விறகு வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் கார்ப்பரேஷன் தருகிற கதவு எண்ணுக்கு டி.சி. நம்பர் என்று பெயர். வார்டுகளைப் பிரிக்கும்போதெல்லாம் அது மாறும். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பழைய நம்பர், புதிய நம்பர் என்று இரண்டையும் போட்டால்தான் சொந்தக்காரர்கள் சாப்பாட்டு நேரத்துக்காவது வந்து சேருவார்கள். என் வீட்டுச் சுவரில் இருப்பது புதிய நம்பர். பழைய பட்டியலில் தேட அது உதவாது.

ஆனால் எனக்கென்ன கவலை? என் வாசல் கதவு இருக்கிறதே — பலா மரத்தில் செய்தது, இரண்டு கையாலும் தள்ளினால்தான் நகரும் — அதன் மேல்மூலையில் ஒரு துருப்பிடித்த தகரத் துண்டு ஆணியடித்துக் கிடந்தது. எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். பழைய டி.சி. நம்பர் மெல்ல எழும்பி வந்தது. தொல்பொருள் இலாகாக்காரர்கள் எப்படிச் சந்தோஷப்படுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய வாக்காளர் பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே நாலு பெயர்கள் இருந்தன. வைத்தியநாதன். அலமேலு. சங்கரன். லலிதா. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். மனசுக்குள் ஏதோ செய்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி மீனா எட்டிப் பார்த்தாள். “யாருங்க அவுக? சாப்பாட்டுக்கு வாராகளா?”

“நம்ம வீட்டில் முன்னால் இருந்தவர்கள்.”

“முன்னால இருந்தது நமக்கு வித்த பாலகிருஷ்ணன்லா? அவுகளுக்கு முன்னால அவுக அப்பா, தாத்தா. பத்திரத்துலேயே வரிசையா போட்டிருக்கே. இந்தப் பேரு ஒண்ணையும் நான் பாக்கலையே.”

எத்தனை நல்ல கேள்வி பாருங்கள். பத்திரத்துக்குக் கேரளத்தில் ஆதாரம் என்றுதான் பெயர். அந்த ஆதாரம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. எடுத்து ஒரு தரம் புரட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வைத்தியநாதன் வாடகைக்கு இருந்திருப்பார். வாடகைக்காரர் பெயர் பத்திரத்தில் வராது. ஆராய்ச்சி என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்” என்றேன். அவள் உள்ளே போனாள். என்னிடம் வாதாடினால் குழம்பு அடிப்பிடித்துவிடும் என்பது அவள் அனுபவம்.

பிறகு ஒரு ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. பழைய வீட்டு வரிப் பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“கேஸ் உண்டோ?” என்றார்.

“இல்லை.”

“பாகம் பிரிக்கறதா?”

“இல்லை.”

“பின்னே எதுக்கு?”

“சும்மா... யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள.”

“வெறுதே?” என்றார் அவர். ‘சும்மா’ என்பதற்கு மலையாளத்தில் அதுதான் வார்த்தை. ஆனால் அவர் சொன்ன தொனியில் இரக்கம் இருந்தது. உள்ளே திரும்பி, “ஒரு சார் வந்திட்டுண்டு... வெறுதே” என்று அறிவித்தார். ஆபீஸ் முழுவதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர், “பாவம், ரிட்டயர் ஆயிருக்கும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புத்தி வந்திருக்கும். நான் நேரே நூலகத்துக்குப் போனேன். அங்கே பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று கிடைத்தது. அதில் வைத்தியநாதன் இருந்தார்! அதே கரமனை, அதே டி.சி. நம்பர். பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘ஓய்வு, மாவட்ட நீதிமன்றம்’ என்று போட்டிருந்தது.

மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றவர் யாராக இருக்க முடியும்? ஜட்ஜ்தானே? குமாஸ்தா, டைப்பிஸ்ட், ஆமீன், டவாலி என்று கோர்ட்டில் இன்னும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஒருத்தர்கூட வரவில்லை. நம் வீட்டில் முன்பு இருந்தவர் என்றாலே அவர் பெரிய ஆளாகத்தானே இருந்திருக்க வேண்டும்? பழைய வீடு வாங்கினவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் ஒரு திவானோ பாகவதரோ தங்கியிருப்பார். ரேஷன் கடைக்காரர் இருந்த வீடு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரமே எழுதிவிட்டேன். எழுதியதோடு நின்றேனா? ஸ்டிக்கர் கடையில் சொல்லி, ‘நீதிபதி வைத்தியநாதன் வாழ்ந்த இல்லம்’ என்று ஒரு போர்டு செய்து வாங்கினேன். நீலத்தில் வெள்ளை எழுத்து. வாசலில் மாட்டினேன். கட்டுரையின் முடிவில் உங்களுக்கு ஓர் அறிவுரை வேறு: ‘அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பாதீர்கள். பதிவுகளைத் தேடுங்கள்.’

அக்கம்பக்கம் என்று நான் சொன்னது எதிர் ஃபிளாட்டில் இருக்கும் முரளி சாரைத்தான். எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. பிறந்ததிலிருந்து இதே தெருவில் இருக்கிறார். அவரிடம் ஒன்று கேட்டால் பதில் முடியும்போது பால் புளித்துவிடும். அதனால் நான் எதையும் கேட்பதில்லை.

கட்டுரை வந்து ஒரு வாரத்துக்குள் ஒரு போன்.

“நான் வலியசாலையிலேர்ந்து லலிதா பேசறேன். நீங்கோ எழுதின லிஸ்ட்டுல கடைசிப் பேர் என்னோடதாக்கும்.”

பட்டியலில் இருந்த ஒரு பெயர் போனில் பேசுகிறது! வாருங்கள், வாருங்கள், வீடு உங்களுடையது என்று என்னென்னவோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

அண்ணா சங்கரன் அவரோடுதான் வலியசாலை ஃபிளாட்டில் இருக்கிறாராம். மன்னி காலமாகிவிட்டார், பிள்ளை வெளிநாட்டில். அண்ணாவுக்குக் கொஞ்ச காலமாக மறதி நோய். “பகல்ல ஒண்ணுமில்லை சார். பேப்பரை முதல் வரிலேர்ந்து டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் ஒண்ணு விடாம வாசிப்பார். சாயங்காலம் ஆனா ஒரு பையை எடுத்துண்டு வாசல்ல நின்னுடுவார். ‘ஆத்துக்குப் போலாம், அம்மா தேடுவா’ம்பார். இதுதான் நம்ம ஆம்னு சொன்னா சம்மதிக்கவே மாட்டார். ஒருநாள் நான் குளிக்கறச்சே இறங்கிப் போய், ரோட்டுல பஸ்ஸுக்கு நடுவுல நின்னுண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து விட்டா. அந்தப் பழைய ஆத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா மனசு அடங்குமோன்னு ஒரு தோணல்... ஆனா அதை எப்பவோ பொளிச்சாச்சு, இடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். உங்க எழுத்தைப் பாத்தப்புறம்தான், இல்லை, இருக்குன்னு...”

“இருக்கிறது மாமி! அப்படியே இருக்கிறது!” என்றேன். கூடவே, “சார் பேப்பர் முழுக்க வாசிப்பார் என்றால் என் பத்தியையும் வாசித்திருப்பாரே?” என்றும் கேட்டேன். எனக்கு அதுவும் முக்கியம்.

மாமி அவசரமாகப் பேச்சை மாற்றினார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரலாமா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சங்கரன் சார் ஒல்லியாக, நெட்டையாக, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கையில் அந்தத் துணிப்பையோடு நின்றார். லலிதா மாமி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் வேட்டி மடிப்புக் கலையாமல் வாசலில் நின்று வரவேற்றேன். போர்டு அவர்கள் கண்ணில் படும்படி கொஞ்சம் விலகியும் நின்றேன். மாமி அதை வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினேன். “இதுதான் அவர் தீர்ப்பு எழுதிய அறை... வெளிச்சம் எப்படி விழுகிறது பாருங்கள்... இங்கேதான் சாய்வு நாற்காலி போட்டிருப்பார்.” அவர் பெற்ற மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! மாமி, “ஆமாமா... ஓஹோ” என்று பின்னாலேயே வந்தார். என் வீட்டைப் பார்ப்பதைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். மீனா நடுவில் இரண்டு முறை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நிற்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தோம். சங்கரன் சார் எங்களோடு வரவில்லை.

வாசலிலேயே இருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, கதவின் உள்பக்கம் முகத்தை வைத்து, கையால் தடவிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழாக, மெதுவாக. தாழ்ப்பாளுக்கு ரொம்பக் கீழே, ஒரு சின்னப் பையனின் மார்பு உயரத்தில் கை நின்றது. அங்கே விரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

போன வருஷம் அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கரையான் அரித்தது என்று நினைத்து, மரப் புட்டி என்கிற பசையை வைத்து நானே அடைத்து, மேலே வார்னிஷும் பூசியிருந்தேன். என் கைவேலைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். “சார், சார், அது கரையான்...” என்று ஓடினேன்.

லலிதா மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகம் மாறியிருந்தது. அதுவரை எங்கள் வீட்டு விருந்தாளியாக இருந்தவர், சட்டென்று அந்தக் கதவுக்குச் சொந்தக்காரராகிவிட்டார். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி அண்ணாவிடம் கொடுத்தார்.

சங்கரன் சார் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஊசியால் புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டை திறந்தது. கதவைத் தள்ளிச் சாத்தச் சொன்னார். சாத்தினோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதை ஓட்டையில் வைத்துத் தெருவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அப்புறம் தங்கையை அண்ணாந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். “லலி... கணக்கு சார் வரலை! இன்னிக்கு டியூஷன் இல்லை!”

“இல்லையாண்ணா?” என்றார் மாமி.

“இல்லை. நன்னாப் பாத்துட்டேன். ஆள் இல்லை.” எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டார். “இருட்டிண்டு வரது. வா, ஆத்துக்குப் போலாம். வலியசாலைக்கு ஆட்டோ கிடைக்காது.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மீனா அவர்களுக்காகச் செய்த பலகாரத்தைப் பொட்டலம் கட்டி மாமி கையில் திணித்தாள்.

மறுநாள் காலை என்னைப் பிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரிலும் நூலகத்திலும் தேடி, பிரிந்துபோன ஒரு வீட்டையும் மனிதரையும் சேர்த்து வைத்தவன் அல்லவா? யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பால் வாங்கப் போன இடத்தில் முரளி சார் அகப்பட்டார். முதல்முறையாக நானே பேச்சைத் தொடங்கினேன். ஜட்ஜ், கதவு, ஓட்டை, கணக்கு சார் எல்லாவற்றையும் சொன்னேன்.

முரளி சார் முழுக்கக் கேட்டுவிட்டு, “உங்க வாசல் கதவா?” என்றார். “சாரே, அது உங்க வீட்டுக் கதவல்லே. எதிர்வீட்டுக் கதவாணு.”

“எந்த எதிர்வீடு?”

“இப்போ எங்க ஃபிளாட் நிக்கிற இடத்துல இருந்த வீடு. அதைப் பொளிச்சப்போ உருப்படியை எல்லாம் விலைக்குக் கொடுத்தாங்க. பலாமரக் கதவல்லே, விடுவாங்களா? உங்களுக்கு வித்த பாலகிருஷ்ணன் அதை நிலையோட வாங்கி உங்க வீட்டுல வெச்சார். ஒரு பக்கம் நானாக்கும் பிடிச்சது. இப்பவும் தோள் வேதனை உண்டு.”

இந்த ஊரில் இது சகஜம். பழைய வீட்டை இடித்தால் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் வேறொரு வீட்டுக்குக் குடிபோகும். நல்ல மரத்தை யாரும் வீணாக்குவதில்லை. இது தெரிந்த ஆசாமிதான் நான். ஆனால் கதவு போகும்போது அதில் அடித்த நம்பர் தகரமும் கூடவே போகும் என்று என் ஆராய்ச்சி மூளைக்கு எட்டவில்லை. மனிதர்களின் முகவரியைத் தேடுகிறேன் என்று ஒரு கதவின் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன்!

“கோர்ட்டுல ஜோலின்னு மட்டும் கேட்டிருக்கேன்... அப்போ ஜட்ஜ் வீடு எங்களோடதா?” என்றார் முரளி சார். கண்கள் விரிந்தன. “அந்த போர்டைக் கொடுங்க சாரே. எங்க கேட்டுல மாட்டிடலாம்.” அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் போர்டு வேண்டுமாம்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மீனாவிடம் சொன்னால், “ஞாயித்துக்கிழமை அந்த மாமி மூஞ்சைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். அதுக்குத்தான சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்” என்றாள்.

அன்று பகல் முழுக்க எதுவும் ஓடவில்லை. அசடு வழிந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த மனிதர்? அவர் வீடு என்று நம்பித்தானே என் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்? மறதியில் இருக்கிற ஒருவரைக் கூட்டிவந்து தப்பான வீட்டைக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். உண்மை தெரிந்து, மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் பஸ்களுக்கு நடுவே போய் நின்றால்? வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் வலியசாலைக்குப் போனேன்.

சங்கரன் சார் பால்கனியில் பேப்பரும் கையுமாக இருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. ஆனாலும், “இரிக்கணும்” என்று மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். நான் மாமியைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

மாமி கேட்டுக்கொண்டே காபியை ஆற்றினார். ஆச்சரியமே படவில்லை.

“நேக்கு வாசல்லேயே தெரியும் சார்.”

“எப்படி?”

“எங்காத்து வாசல் கிழக்கே பாத்ததாக்கும். காலம்பற வெயில் உள்ளே வந்து எழுப்பும். நான் உங்காத்துக்கு வந்தது சாயங்காலம். வெயில் வாசல் வழியா உள்ளே வந்திருந்ததே. தெருவோட மறு வரிசைன்னு அப்பவே புரிஞ்சுடுத்து.”

சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அது எந்தப் பதிவிலும் இல்லையே!

“ஏன் மாமி அப்போதே சொல்லவில்லை?”

“எப்படிச் சொல்றது? நீங்கோ வேட்டி கட்டிண்டு, போர்டெல்லாம் மாட்டி, அவ்வளவு ஆசையா காட்டிண்டிருந்தேள். பாவமா இருந்தது. வந்ததுக்கு ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிடலாம்னு இருந்தேன். அப்போதான் அண்ணா அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சார். கணக்கு சார் வராரான்னு பாக்கறதுக்கு அண்ணா துளைச்ச ஓட்டை அது. அப்பா பெல்ட்டால அடிச்சதுகூட நேக்கு ஞாபகம் இருக்கு. அந்த ஆம் எங்களோடது இல்லை சார். கதவு எங்களோடதுதான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொன்றும் பாக்கி இருந்தது. “உங்கள் அப்பா, ஜட்ஜ்...”

மாமி முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். “ஜட்ஜா! அப்பா பெஞ்ச் கிளார்க். ஜட்ஜுக்குக் கீழே உக்காந்துண்டு கேஸ் கட்டை எடுத்துக் கொடுக்கற வேலை. அந்தப் போர்டைப் பாத்தப்போ நேக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. அப்பா இருந்தா அன்னிக்கே உங்க மேல கேஸ் போட்டிருப்பார். கேஸ் கட்டையும் அவரே எடுத்துக் கொடுத்திருப்பார்.”

போர்டு இப்போது எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்கிறாள் மீனா. முரளி சார் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“சார் எப்படி இருக்கிறார்? பை...?” என்று மாமியிடம் கேட்டேன்.

“எடுக்கறதுண்டு. தினம் இல்லை. எடுத்துண்டு வாசல் வரைக்கும் வருவார். ‘எங்கேண்ணா?’ன்னு கேட்டா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, ‘இன்னிக்கு டியூஷன் இல்லையே’ன்னு திரும்ப உள்ளே கொண்டுபோய் வெச்சுடறார். நானும் கதவைப் பூட்டிண்டு குளிக்கறதில்லை இப்போ. அதுவே நேக்குப் பெரிய காரியம்.”

கதவைக் கழற்றித் தந்துவிடட்டுமா என்று கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன். “ஃபிளாட்டுல அதை எங்கே வெக்கறது? அங்கேயே இருக்கட்டும். ஓட்டையை மட்டும் திரும்ப அடைச்சுடாதேங்கோ. அப்பப்போ கூட்டிண்டு வரோம்” என்றார். சரி என்றேன். அந்த ஓட்டை வழியாக இப்போது கொசு வருகிறது. வரட்டும்.

எழுந்துகொள்ளும்போதுதான் உண்மையான கவலையைச் சொன்னேன். “மாமி, நான் பத்தியில் திருத்தம் போட்டாக வேண்டும். தப்பாக எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆனால் சார் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார் என்றீர்களே. அது அவர் வீடே இல்லை என்று நான் எழுதி, அதை அவர் வாசித்துவிட்டால்... மறுபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? நீங்கள் வேண்டாம் என்றால் நான் எழுதவில்லை.”

மாமி பால்கனியை எட்டிப் பார்த்தார். சங்கரன் சார் ஏதோ டெண்டர் நோட்டீசில் விரலை வைத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார்.

“தைரியமா எழுதுங்கோ சார்,” என்றார். “அண்ணா எல்லாம் வாசிப்பார். உங்க பத்தி வந்தா மட்டும் பக்கத்தைத் திருப்பிடுவார்.”

“அப்படியா... கண்ணுக்குச் சிரமமாக இருக்குமோ?”

“கண்ணெல்லாம் நன்னா இருக்கு. இது இன்னிக்கு நேத்திக்கு வந்ததில்லை சார். நல்ல ஞாபகம் இருந்த காலத்துலேர்ந்தே அப்படித்தான். ‘இவன் கதை விடறான்’ம்பார்.”

எத்தனையோ விஷயங்களை மறந்துவிட்ட அந்த நல்ல மனிதர், இந்த ஒன்றை மட்டும் கடைசி வரை மறந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.